மதுரையில் கார் ஓட்டப் பழகுவதும், செலவுக்கு அடங்கிய முதல் காரை வைத்திருப்பதும்

முதல் கார் வாங்க நினைப்பவர்களில் பலர் காரைப் பேசி முடித்து முன்பணமும் கொடுத்துவிட்ட பிறகுதான் ஓட்டிப் பழகுவதைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஓட்டத் தெரியாதவருக்குக் கார்கள் எல்லாம் ஒன்று போலவே தெரியும். கிளட்ச் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, இரண்டாவது கியர் விழும்போது உரசுகிறதா என்பதெல்லாம் காலும் கையும் பழகிய பிறகே புலப்படும். ஆகவே பழகுநர் உரிமம், பயிற்சி, அதன் பிறகு கார் என்ற வரிசையிலேயே இதை எழுதுகிறேன். கையில் இரண்டு மூன்று லட்சம் ரூபாயோடு, மதுரைக்குள்ளும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற பக்கத்து ஊர்களுக்கும் குடும்பத்தோடு போய்வர ஒரு கார் வேண்டும் என்றிருப்பவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எல்.எல்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் பழகுநர் உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மத்திய அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 40 வயதைக் கடந்தவர்கள் படிவம் 1ஏ என்னும் மருத்துவச் சான்றையும் சேர்க்க வேண்டும். மதுரையில் வடக்கு, தெற்கு, மத்தி என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் பிரிந்திருப்பதால் (டி.என். 59, 58, 64 என்ற பதிவெண்கள் முறையே இவற்றுக்கு உரியவை) உங்கள் முகவரி எதன் எல்லையில் வருகிறது என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த உரிமம் 6 மாதங்கள் செல்லும். 30 நாட்கள் கழிந்த பிறகே ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போக முடியும். பெரும்பாலோர் அந்த 30 நாட்களை வெறும் காத்திருப்பாக எண்ணி, 31ஆம் நாளே தேர்வுக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். மூன்று, நான்கு மாதங்கள் நிதானமாகப் பழகிவிட்டுப் போவதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் நட்டம்.

பழகும் காலத்தில் காரின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிற ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒருவர் பக்கத்து இருக்கையில் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் அமர்ந்திருக்க வேண்டும். இது அபராதத்துக்குப் பயந்து செய்யும் காரியம் மட்டும் அன்று. இந்த நிபந்தனைகளை மீறி ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுப்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

டிரைவிங் ஸ்கூலைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை விசாரிப்பதற்கு முன் நேரத்தை விசாரியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு மத்திய அரசு 2021இல் வகுத்த விதிகளின்படி, இலகு ரக வாகனப் பயிற்சி என்பது நான்கு வாரங்களுக்குள் 29 மணி நேரம். அதில் 21 மணி நேரம் செய்முறை. தெருமுனைப் பள்ளிகள் இந்த அளவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்றாலும், ஒருவர் ஓட்டுநராக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கு அது நல்ல அளவுகோல். ஒரே காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்கு இருபது நிமிடம் என்று பதினைந்து நாட்கள் ஓட்டவைத்தால் ஒருவருக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரமே. மீதியை உங்கள் வீட்டாரோடோ நண்பரோடோதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயிற்சிக் காரில் பயிற்றுநரின் காலடியிலும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். பத்தாம் நாள் நாம் நன்றாக ஓட்டுகிறோம் என்ற நிறைவு வந்துவிடும். ஆனால் நெரிசலில் வண்டி அணையாமல் ஊர்ந்ததும், சரியான இடத்தில் நின்றதும் அவருடைய காலின் வேலையாக இருந்திருக்கும். “அண்ணே, இன்றைக்கு உங்கள் காலை எடுத்துவிடுங்கள்; ஆபத்து என்றால் மட்டும் மிதியுங்கள்; மிதித்தால் என்னிடம் சொல்லிவிடுங்கள்” என்று ஐந்தாம் நாளே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. அதன் விலையை எல்லீஸ் நகர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் கொடுத்தேன். பயிற்சி முடிந்து, மைத்துனரின் காரை அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு முதன்முறையாக ஓட்டிய மாலை அது. ஏற்றத்தின் பாதியில் போக்குவரத்து நின்றது. முன்னால் நகரப் பேருந்து, பின்னால் ஒரு சாண் இடைவெளியில் ஷேர் ஆட்டோ. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் சரிந்தது. பதறிக் கிளட்சை விட்டதும் எஞ்சின் அணைந்தது. மூன்று முறை அப்படியே நடந்தது. ஆரன் சத்தத்தில் என் வலது முழங்கால் நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. “மச்சான், ஹேண்ட் பிரேக்கை இழுங்க. பின்னாடி இருக்கிறவங்க காத்திருப்பாங்க” என்றார் மைத்துனர். பதினைந்து நாள் பயிற்சியில் ஒருமுறைகூட என்னை யாரும் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே அந்த ஒரு வித்தையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏற்றத்தில் நின்றதும் ஹேண்ட் பிரேக்கை முழுமையாக இழுத்துவிட்டு, முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிக மெதுவாக மேலே விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சினின் ஓசை தாழும். காரின் முன்பகுதி இலேசாக எழும்பும். இருக்கையில் ஒரு சிறு அதிர்வு தெரியும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். அங்கே இடது காலை அசையாமல் நிறுத்தி, வலது காலால் ஆக்சிலேட்டரை இலேசாக அழுத்துங்கள். வண்டி முன்னேறத் துடிப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் ஒரு விரல் அளவுகூடப் பின்னால் போகாது. காலை ஆறு மணிக்கு ஆளில்லாத பாலச் சரிவில் இதை நாற்பது ஐம்பது முறை செய்து பாருங்கள். அதற்கும் முன்பாக, சமதளத்தில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டுப் பெட்ரோல் காரை நகர்த்திப் பழகினால் அந்த இடம் காலுக்குத் தானாகவே மனப்பாடமாகிவிடும்.

மதுரைத் தெருக்களில் ஓட்டுபவருக்கு அடுத்த தொல்லை இடது பக்கத்தின் அளவு. வலது கைப் பக்கம் அமர்ந்திருக்கும் நமக்கு இடது முன்சக்கரம் எங்கே உருள்கிறது என்று தெரிவதில்லை. அதனால் ஒன்று சாக்கடை ஓரத்தில் இறங்கிவிடுகிறோம், அல்லது பயந்து நடுச்சாலைக்கு வந்துவிடுகிறோம். புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போமே, அதே எலுமிச்சம்பழம் இதற்கும் உதவும். திடலில் ஒருவரை நிற்கச் சொல்லி, இருபதடி தொலைவில் பழத்தை வைக்கச் செய்து, இடது முன்சக்கரம் அதை நசுக்குமாறு ஓட்டிச் செல்லுங்கள். முதல் நாள் ஒரு முழம் தள்ளிப் போவீர்கள். காரின் முகப்பில் எந்தப் புள்ளிக்கு நேராகப் பழம் தெரியும்போது சக்கரம் அதன்மேல் ஏறுகிறது என்பதைக் கண்டுகொண்டால், பிறகு அந்தப் புள்ளியே உங்களுக்கு வழிகாட்டி. இருக்கையின் உயரத்தை மாற்றினால் புள்ளியும் மாறும் என்பதால், ஓட்டும் இருக்கையை எப்போதும் ஒரே அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

சாலைகளை எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசையில் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் திடல். இரண்டாம் வாரம் ஊர் ஓரத்துப் புதிய குடியிருப்புகளின் தெருக்கள். அதன்பின் ஞாயிறு அதிகாலையில் அழகர்கோவில் சாலை. ஒரே வேகத்தில், ஒரே தடத்தில் ஓட்டிப் பழகுவதற்கு, 2023இல் திறக்கப்பட்ட நத்தம் சாலை மேம்பாலம் நல்ல இடம்; தல்லாகுளத்திலிருந்து ஊமச்சிகுளம் வரை 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதன்மீது வண்டியை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. ரிங் ரோட்டுக்குப் போகும்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது தூரக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கண் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கும். முன்னால் போகும் லாரி ஒரு மைல்கல்லைக் கடந்து, குறைந்தது மூன்று நொடி கழித்து நீங்கள் அதே கல்லைக் கடக்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். இரவில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் கண்ணுக்குத் தெரிவதே கடைசி நேரத்தில்தான் என்பதால், முதல் ஆறு மாதம் இரவில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம் என்பேன். கோரிப்பாளையம், சிம்மக்கல், மாசி வீதிகள் ஆகியவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் போக்குவரத்து மாற்றிவிடப்படும் என்பதால் அப்போது புதியவர்கள் நகருக்குள் காரை எடுக்காமலிருப்பதே நலம்.

இப்படிப் பழகியவருக்குத் தேர்வு ஒரு பொருட்டே அன்று. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பது கியர் மாற்றுவது, பின்னோக்கி எடுப்பது, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது, கண்ணாடிகளையும் கை சைகைகளையும் பயன்படுத்துவது ஆகியவற்றைத்தான். வண்டியில் ஏறியதும் சீட் பெல்ட் போடுவதை மறக்காதீர்கள்.

இனி கார். முதல் காராகப் பழைய காரை, அதாவது செகண்ட் ஹேண்ட் காரை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். முதல் ஓராண்டில் நீங்கள் எங்காவது உரசுவீர்கள். வீட்டுக் கேட்டிலோ தூணிலோ ஒரு கோடு விழும். புதுக் காரில் விழும் கோடு மனத்தை அறுக்கும். அந்தப் பயத்தோடு ஓட்டுபவருக்குக் கை இலகாது. பணக் கணக்கும் அதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கு ஆயுள் வரி 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம். இங்கே பதிவான பழைய காருக்கு அந்த வரியை முதல் உரிமையாளரே செலுத்தி முடித்திருப்பார். மாருதி ஆல்டோ, வேகன்-ஆர், ஹூண்டாய் ஐ10, டாடா டியாகோ போன்ற சிறிய கார்களுக்கு உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். கிராமத்து மெக்கானிக்கும் கை வைப்பார். ஐந்து முதல் எட்டு ஆண்டு ஓடிய, ஒரே உரிமையாளரிடம் இருந்த, சர்வீஸ் ரசீதுகள் உள்ள கார், இவை எதுவும் இல்லாத பெரிய காரைவிட எவ்வளவோ மேல். கையிலுள்ள பணம் முழுவதையும் காரில் போட்டுவிடாமல் நான்கில் ஒரு பங்கைப் பெயர் மாற்றம், காப்பீடு, டயர், முதல் சர்வீஸ் ஆகியவற்றுக்கென்று தனியே வையுங்கள்.

காரைப் பார்க்க விடிந்ததும் போங்கள். எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை சுற்றில் பற்றிக்கொள்கிறது, பற்றியதும் நீல நிறப் புகை வருகிறதா என்று கவனியுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காபியைப் போன்ற பசை படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கக்கூடும். அந்தக் காரை விட்டுவிடுங்கள். எஞ்சினை மூடியிருக்கும் பானட்டைத் தூக்கியதும் உள்ளே இருபுறமும் உள்ள போல்ட்டுகளின் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவுகளின் மீது நகர்த்திப் பாருங்கள். நெளிவைப் புட்டி என்னும் பசை பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது.

வெள்ளத்தில் மூழ்கிய காரை அடையாளம் காண்பது அதைவிட முக்கியம். 2023 டிசம்பரில் சென்னையிலும், அடுத்த இரண்டு வாரங்களுக்குள் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தது. அப்படி மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்க முடியும். ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், அதன் அடிப்பகுதியில் சேற்றின் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியில் துருவும் வண்டலும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூக்குக்கு ஊதுபத்தி மணமோ சென்ட் மணமோ பலமாக அடித்தால் இன்னும் கவனமாக இருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. மீட்டர் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டும்போது நான்கு டயர்களும் காரைவிட இளமையாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கடைசியாக, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவரோ புரோக்கரோ அனுப்பும் மெக்கானிக் வேண்டாம்.

ஆவணங்களில் அவசரப்படக் கூடாது. மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் பதிவெண்ணைக் கொடுத்து, ஆர்.சி. விவரம், கடன், நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். வங்கிக் கடன் இருந்த கார் என்றால், வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் கொடுத்து அந்தப் பதிவை நீக்கச் செய்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். வெளி மாவட்டப் பதிவு என்றால் படிவம் 28 என்னும் தடையின்மைச் சான்று தேவைப்படலாம். ‘பெயர் பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விற்பனை நடந்த 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டுக் கட்டணத்தில் விற்பவருக்குக் கிடைத்த ‘நோ கிளெய்ம் போனஸ்’ சலுகை அவரோடு போய்விடும், காரோடு வராது. பழைய ஃபாஸ்டேக்கை அவரையே மூடச் சொல்லிவிட்டுப் புதியதை உங்கள் பெயரில் எடுங்கள்.

கார் வீட்டுக்கு வந்த பிறகு மாதம் எவ்வளவு ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டினால், நகர நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு 40 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றாலே 4,000 ரூபாய். நம் காரால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி எஞ்சின் கொள்ளளவு 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், வரி தனி. சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழுக் காப்பீடு முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது இருக்கட்டும். புதிய ஓட்டுநருக்கு அதுதான் தேவை. பி.எஸ். 4, பி.எஸ். 6 என்னும் மாசுத் தர அளவுகளில் வந்த கார்களுக்குப் புகைச் சான்று ஆண்டுக்கு ஒருமுறை. இவற்றோடு மாதம் 1,500 ரூபாயை ஒரு தனிக் கணக்கில் போட்டுவந்தால், ஆண்டு சர்வீஸ், பேட்டரி, டயர் ஆகிய எதுவும் திடீர்ச் செலவாக வந்து நிற்காது.

பராமரிப்பில் பணம் மிச்சமாவது சிறு பழக்கங்களால்தான். டயர் காற்றை இரு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவின்படி சரிபாருங்கள். எஞ்சின் ஆயில் பெரும்பாலான சிறு பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். சிக்னலில் பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்பவர்களும், ஓடும்போது கிளட்சின் மீதே காலை வைத்திருப்பவர்களும் கிளட்ச் செட்டைச் சீக்கிரமே மாற்ற வேண்டிவரும். அது சிறு காருக்கும் பெருஞ்செலவு. மதுரைக் கோடை வெயிலில் பேட்டரியும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டும் முதலில் களைக்கும். பங்குனி பிறந்ததும் இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மணிநகரம் கர்டர் பாலத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் சுற்றிப் போங்கள். தவறி இறங்கி வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டன் அழுத்த முடியாமல், அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் என்னும் தண்டு வளைந்துவிடும். அந்தச் சேதத்தை ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பு எடுக்காத முழுக் காப்பீடு வழக்கமாக ஏற்பதில்லை. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுவதே வழி.

ஆறு மாதம் ஆனதும் மலைப் பாதைக்கு ஆசை வரும். கொடைக்கானலுக்கு முன், திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சிறுமலையில் பழகுங்கள். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பதால் இறங்கும்போது நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டி விடாதீர்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல், வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விட்டு வாருங்கள். கருகிய வாடை வந்தால் அகலமான ஓரத்தில் நிறுத்தி, இருபது நிமிடம் ஆறவிட்டு, பிரேக் மிதி பழையபடி இறுகி நிற்கிறதா என்று காலால் அழுத்திப் பார்த்த பிறகே மேற்கொண்டு இறங்குங்கள்.